கிடுகுக் கூரை உணவகத்தில் தீத்தடுப்பு: கையில் உள்ள பணத்துக்கு எதை முதலில் செய்வது?

அலைவாய்க்கரை எழுதியது:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முடிவில், பன்னிரண்டு மேசைகள் கொண்ட உணவகம் ஒன்றை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சாப்பிடும் பகுதி முழுவதும் கிடுகுக் கூரையின் கீழ் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் சிறிய பார் உண்டு. பாருக்குப் பின்னால், அதே கூரையின் தொடர்ச்சியாகவே குசினியும் வருகிறது. இடத்தைக் குத்தகைக்குத் தந்தவர் எப்படிக் கட்டியிருந்தாரோ அப்படியே இவ்வளவு காலமும் விட்டிருந்தேன்.

சென்ற பருவத்தின் கடைசி வாரத்தில் ஓர் இரவு, கணவாய் பொரிப்பதற்காகத் தாச்சியில் எண்ணெயை வைத்துவிட்டுப் பொரிக்கிற தம்பி தொலைபேசியில் பேசப் போய்விட்டான். திரும்பி வந்தபோது எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவாலை ஒரு முழ உயரத்துக்கு எழும்பியது. அவன் உடனே பாத்திரம் கழுவும் வாளியைத் தூக்கினான். பக்கத்தில் கொத்துப் போட்டுக்கொண்டிருந்த மூத்த சமையற்காரர் அவன் கையைத் தட்டிவிட்டு, சோற்றுப் பானையின் பெரிய மூடியைத் தாச்சியின் மேல் சரித்து மூடி, காஸை நிறுத்தினார். எல்லாமாக ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. மேசைகளில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. மறுநாள் காலை நான் அண்ணாந்து பார்த்தபோது, அடுப்புக்கு மேலே கிடுகின் அடிப்பக்கம் ஒரு கை அகலத்துக்குக் கருகியிருந்தது. தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

வரும் பருவம் தொடங்குவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். ஆனால் கையில் இருப்பது அளவான பணம். ஒரு நண்பர் நான்கு தீயணைப்புக் கருவிகளை வாங்கி மாட்டினால் போதும் என்கிறார். இன்னொருவர் கிடுகை முழுவதாக இறக்கிவிட்டுத் தகரம் போடச் சொல்கிறார். அப்படிச் செய்தால் எனக்கு வியாபாரமே இல்லை. அந்தக் கூரைக்காகத்தான் சனம் வருகிறது. இப்போது என்னிடம் இருப்பது இடத்தோடு வந்த ஒரேயொரு சிவப்புக் கருவி. அது பார் மேசைக்குக் கீழே, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறது. முள் பச்சையில் நிற்கிறதா என்பதைக்கூட இதை எழுதுவதற்கு முன்னர்தான் பார்த்தேன். பச்சையில் இல்லை.

எதை முதலில் செய்வது, எந்த வகைக் கருவி வாங்குவது, பிறந்தநாள் கொண்டாடுவோர் கேட்கும் மத்தாப்பு மெழுகுதிரிகளையும் இரவில் நெருப்பு விளையாட்டுக் காட்டும் பையன்களையும் அனுமதிப்பதா என்பவற்றை, இத்தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.


தாச்சிக்காரன் எழுதியது:

உங்கள் மூத்த சமையற்காரருக்கு முதலில் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள். அவர் தட்டிவிட்டது வாளியை மட்டுமல்ல.

வளைகுடா நாட்டு ஹோட்டல் குசினிகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். எண்ணெய்த் தீயை நான் நேரில் பார்த்தது மூன்று முறை. மூன்றும் ஆளில்லாமல் விடப்பட்ட எண்ணெய்தான். பொரிப்பதற்கு வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ். அதைத் தாண்டினால் எண்ணெய் புகையத் தொடங்கும். 350 பாகையை அண்டும்போது, சுவாலை தொடாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். பல நாள் பொரித்துக் கறுத்த எண்ணெய் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே பற்றும். ஆகவே எண்ணெயைக் காலத்துக்கு மாற்றுவது சுவைக்கான காரியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். புகை என்பது எண்ணெய் நமக்குத் தருகிற தவணை. அந்தத் தவணையில் அடுப்பை நிறுத்த ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும்.

தண்ணீர் ஏன் கூடாது என்பதை உங்கள் பையன்களுக்குக் காரணத்தோடு சொல்லிக் கொடுங்கள்; வெறுமனே «ஊற்றாதே» என்று சொன்னால் பதற்றத்தில் மறந்துவிடுவார்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடிக்குப் போகும். போன கணமே ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அந்த ஆவி எரிகிற எண்ணெயைத் துளித்துளியாகக் கூரைவரை வீசியெறியும். ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், உங்கள் கிடுகு முழுவதும் போய்விடும்.

கருவி விடயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் அதிகமாக விற்பது உலர்தூள் கருவி. அது எண்ணெய்ச் சுவாலையை அடக்கும். ஆனால் எண்ணெயைக் குளிரவைக்காது, அதனால் தூள் படிந்து சில வினாடிகளில் மறுபடியும் பற்றிக்கொள்ளலாம். காபனீரொட்சைட்டுக் கருவியைக் கிட்டப் பிடித்து அடித்தால், அதன் வேகமே எரிகிற எண்ணெயைத் தாச்சிக்கு வெளியே தள்ளிவிடும். பொரிக்கும் எண்ணெய்க்கென்று உள்ளது வெட் கெமிக்கல் வகை. உடலில் மஞ்சள் பட்டையும் எஃப் என்ற எழுத்தும் இருக்கும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து மேற்பரப்பில் சவர்க்காரம் போன்ற ஒரு படையை உண்டாக்கி மூடும். கூடவே குளிரவும் வைக்கும். அதில் ஒன்றைக் குசினி வாசலில் மாட்டுங்கள். அடுப்புக்கு மேலே மாட்டவே கூடாது. தீயைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் கருவி சுவரலங்காரம்தான்.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒன்று: ஒவ்வொரு தாச்சிக்கும் அதன் வாயைவிட அகலமான தட்டை மூடி ஒன்றை, கை எட்டும் தூரத்தில் கொழுவி வையுங்கள். மூடியை மேலிருந்து போடாமல், முன்னாலிருந்து பின்னுக்குச் சரித்து மூட வேண்டும்; அப்போது சுவாலை உங்கள் முகத்தை விட்டு மறுபக்கம் போகும். மூடியபின் அரை மணி நேரமாவது திறந்து பார்க்கக் கூடாது. இந்த ஆசையால் கை சுட்டுக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

புகைபோக்கியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் ஹூட் இருக்கிறதா? இருந்தால் அதன் வடிதட்டைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். விரலில் பிசின்போல் ஒட்டினால், உங்கள் கூரைக்குள் ஒரு திரி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுப்பில் எழும்பும் சாதாரணச் சுவாலை அந்தப் பிசினைத் தொட்டால், தீ குழாய்க்குள்ளே ஏறி நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் எரியும். டெவில் என்னும் காரப் பிரட்டலைப் போடும்போது தாச்சிக்குள் நெருப்பை ஏற்றிக் காட்டுவது நம் ஊர்ச் சமையற்காரர்களின் பெருமை. அந்தப் பெருமைக்கு மேலே எண்ணெய்ப் பிசின் தொங்கக் கூடாது. வடிதட்டை ஒவ்வோர் இரவும் சுடுநீரில் கழுவ வேண்டும். குழாயின் உட்புறத்தை, தாச்சிச் சமையல் அதிகமுள்ள குசினிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், விறகோ கரியோ எரிக்கும் அடுப்புகளுக்கு மாதம் ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நாங்கள் வேலை செய்த இடங்களிலும் அதையே பின்பற்றினோம்.


செம்புக்கம்பி எழுதியது:

நான் திருகோணமலையில் மின்வேலை செய்பவன். சமையலைப் பற்றி மேலே எழுதிய ஐயா சொல்லிவிட்டார். நான் கம்பிகளையும் காஸையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடற்கரைக் கட்டடங்களில் எனக்கு அடிக்கடி கிடைக்கும் வேலை ஒன்றுதான்: உப்புக் காற்று பட்டுப் பச்சை பிடித்த இணைப்புகள். செம்பின் முனை அரித்தால் தொடுகை தளரும். தளர்ந்த இடம் சூடாகும். சூட்டில் இன்னும் தளரும். வெளியில் தெரியும் அடையாளம் மிகச் சிறியது. பிளக்கின் ஒரு காலைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறமாக மாறியிருக்கும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மீன் அழுகியதுபோல் ஒரு மணம் வரும். மீன் சமைக்கிற இடத்தில் அந்த மணத்தை யார் கவனிப்பார்? சென்ற ஆண்டு நான் கழற்றிய ஒரு பிளக், உறைபெட்டிக்குப் பின்னால், சுவரில் அறைந்த கிடுகுத் தட்டிக்கு இரண்டு அங்குலத்துக்குள் இருந்தது. அதன் உட்புறம் முழுக்கக் கரி.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று பலர் என்னிடம் சொல்வார்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், மின் நிலத்துக்குக் கசியும்போதுதான் விழும்; தளர்ந்த இணைப்பு சூடாவதை அது அறியாது. அந்தச் சூட்டுக்குக் காவல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆள் திருப்புளியோடு வந்து ஒவ்வொரு முனையையும் இறுக்கிப் பார்ப்பதுதான். 13 அம்பியர் பிளக் ஒன்றில் 230 வோற்றில் ஏறக்குறைய 3,000 வாற்றுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒரு மின் பொரிப்பான் மட்டுமே அவ்வளவு இழுக்கும். அதே பலகையில் உறைபெட்டியையும் கலக்கியையும் கொழுவுவது நம் வழக்கம். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாகவே விட்டுப் பாவிப்பதும் அப்படித்தான். சுருளின் நடுவில் சூடு வெளியேற வழியில்லை. கிடுகுக்குள் செருகி ஒளித்த அலங்கார விளக்குக் கம்பிகள் இருந்தால், இன்றே இழுத்தெடுத்துக் குழாய்க்குள் விடுங்கள். எலி கடித்த கம்பிக்குக் கிடுகைவிட நல்ல விறகு கிடையாது.

மின்பிறப்பாக்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது எல்லோரும் வாங்கினோம். ஓடிக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்திய சூட்டோடோ பெற்றோல் ஊற்றக் கூடாது. பெற்றோல் கானைப் பாரின் சேமிப்பறையில் சாராயப் பெட்டிகளுக்கு நடுவே வைக்கவும் கூடாது. இதை எழுத வேண்டியிருப்பதே கவலையான விடயம், ஆனால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காஸ். 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடு முழுவதும் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்தபின் கொஞ்சக் காலம் எல்லோரும் சவர்க்கார நுரையோடு குசினிக்குள் நின்றோம், பிறகு மறந்துவிட்டோம். நம் சிலிண்டரில் உள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படிந்து, வடிகாலுக்குள்ளும் பள்ளங்களுக்குள்ளும் தண்ணீர்போல் ஓடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றக்கூடியது. ஆகவே சிலிண்டர்கள் குசினிக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில், நிழலில், வடிகால் வாயிலிருந்து தள்ளி, கம்பிக் கூட்டுக்குள் நிற்க வேண்டும். 37.5 கிலோ சிலிண்டர் பாவிக்கிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். கொத்துக் கல்லுக்கும் டெவில் அடுப்புக்கும் போடுகிற உயரழுத்த ரெகுலேட்டரோடு வீட்டு அடுப்பின் குழாயைப் பொருத்தாதீர்கள். அதற்கென்று உள்ள குழாயும் இறுக்குவளையமும் வேண்டும். இங்கே வளையங்கள் உப்பில் துருப்பிடிப்பதால் துருவேறா உருக்கு வளையமாகக் கேட்டு வாங்குங்கள். நுரைச் சோதனையைச் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். காஸ் மணம் வந்தால் விளக்கைப் போடவோ விசிறியைப் போடவோ வேண்டாம். சுவிட்சின் பொறி போதும். கதவைத் திறந்துவிட்டு, வெளியில் உள்ள வால்வைப் பூட்டுங்கள்.

காஸை நிறுத்துகிற பிரதான வால்வு குசினி வாசலுக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் சமையற்காரர் அன்று அடுப்புக்கருகே போய்த்தான் காஸை நிறுத்தினார் என்பது என் ஊகம். சுவாலை இரண்டு முழமாக இருந்திருந்தால் போயிருக்க முடியாது.


நிலாவெளிக்காரன் எழுதியது:

கிடுகைப் பழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலாவெளியில் இருபது ஆண்டுகளாகக் கிடுகின் கீழ் விருந்தினருக்குச் சாப்பாடு போடுகிறேன். வெயிலில் தகரத்தின் கீழ் இருந்து சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம். போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்து, கிடுகை வேய்வதற்கு முன் தோய்த்துக் காயவைத்தால், பொறி விழுந்தாலும் கருகி நிற்கும், சுவாலை விடாது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

என் அனுபவத்தில் முக்கியமானது காற்று. நம் கரை கிழக்கைப் பார்த்தது; வீதி மேற்கே இருக்கிறது. சாமான் இறக்க வசதியென்று எல்லோரும் குசினியை வீதிப் பக்கத்தில் கட்டி, மேசைகளைக் கடற்பக்கத்தில் போடுகிறோம். ஆனால் உல்லாசப் பயணிகள் வருகிற மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அடிப்பது கச்சான். அது தரையிலிருந்து கடலை நோக்கி வரும் வறண்ட காற்று. அதாவது குசினியில் எழும் ஒவ்வொரு பொறியையும் அது நேரே மேசைகளின் மேல் உள்ள கூரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பகலில் கடற்காற்றுச் சற்றுத் திரும்பும்; இரவு வியாபார நேரத்தில் மறுபடியும் கச்சான்தான். ஆகவே சிரட்டைக் கரியில் மீன் வாட்டுகிற அடுப்பைக் கடற்பக்கத்தில், கூரைக்கு வெளியே, மணலில் வையுங்கள். பொறி கடலுக்குப் போகும். கடலிலிருந்து வாடை வீசும் மாதங்களில் அதே அடுப்பை இடம் மாற்ற வேண்டும். ஆனால் அப்போது மழையும் இருக்கும், ஆட்களும் இருக்க மாட்டார்கள். இரவு வேலை முடிந்ததும் தணலை மணலில் புதைக்காதீர்கள். மணலுக்குள் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். காலையில் வெறுங்காலோடு வரும் பிள்ளைகள் மிதிக்கும். மூடியுள்ள தகர வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.


பழைய தீயணைப்பாளன் எழுதியது:

நிலாவெளிக்காரர் காற்றைப் பற்றி எழுதியது முழுவதும் சரி. அதை நான் எங்கும் எழுத்தில் பார்த்ததில்லை, நன்றி. ஆனால் வெண்காரக் கரைசலை நம்பி இருக்க வேண்டாம். அந்த உப்புகள் தண்ணீரில் கரைபவை. ஒரு மாரி முழுதும் நனைந்த கிடுகில் எவ்வளவு மிச்சமிருக்கும்? ஒவ்வோர் ஆண்டும் மாரிக்குப் பின் மறுபடி தெளிப்பவராக இருந்தால் பயனுண்டு. அப்போதும் அது தீயை மெதுவாக்குமே தவிரத் தடுக்காது.

கிடுகின் இயல்பை நான் இப்படிச் சொல்வேன். தாச்சியில் எரியும் தீயை ஒரு மனிதன் மூடியால் அணைக்கலாம். கூரையில் ஏறிய தீயை ஒரு மனிதனும் அணைக்க முடியாது. நான்கு கருவிகள் இருந்தாலும் முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் இறந்த பள்ளித் தீ, மதிய உணவுச் சமையலறையில் தொடங்கிக் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததும் கீற்றுப் பந்தலில்தான். மும்பையில் 2017 டிசெம்பர் 29 அன்று மாடிமேல் இயங்கிய மதுவிடுதிகளில் 14 பேர் இறந்தார்கள். ஹூக்காவின் கரித் தணலிலிருந்து பறந்த பொறியே காரணம் என்று அந்நகரத் தீயணைப்புப் படையின் விசாரணை சொன்னது. மேலே இருந்தவை மூங்கிலும் தார்ப்பாயும். இறந்தவர்களில் பலர் ஓடி ஒளிந்த இடம் கழிப்பறை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் வரிசை இது. முதற் செலவு, குசினியின் கூரையைச் சாப்பிடும் பகுதியின் கூரையிலிருந்து பிரிப்பது. மேசைகளுக்கு மேல் கிடுகு இருக்கட்டும். அடுப்புகளுக்கு மேல் தகரமும் சுற்றிவரக் கற்சுவரும் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே பத்தடியாவது திறந்த வானம் இருக்கட்டும். வாடிக்கையாளர் யாரும் குசினியின் கூரையைப் பார்ப்பதற்காக வருவதில்லை. இதற்குப் பிறகு பணம் மிஞ்சினால் மட்டும் கருவிகளைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாவது, வழி. உங்கள் இடம் திறந்த இடம் என்று நினைப்பீர்கள். ஆனால் இரவில், கூட்டத்தில், குடித்திருப்பவர்களோடு, மின்சாரம் நின்ற இருட்டில் எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் 2003 பெப்ரவரி 20 அன்று இரவு விடுதி ஒன்றில் 100 பேர் இறந்தார்கள். வேறு கதவுகள் இருந்தும், பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே நெரிபட்டார்கள். மனிதன் வந்த வழியால்தான் போவான். 1942இல் பொஸ்டன் நகரில் 492 பேர் இறந்த இரவு விடுதித் தீயில் முன்வாசல் சுழல்கதவாக இருந்தது. ஆட்கள் இருபுறமும் தள்ள அது நின்றே போனது. உள்ளே இழுத்துத் திறக்கும் கதவுகளும் கூட்டம் முட்டியதும் திறக்க மறுத்தன. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆள் இருக்கும் நேரத்தில் பூட்டு இருக்கக் கூடாது. பியர்ப் பெட்டிகளை வாசலில் அடுக்கக் கூடாது. உங்கள் பின்வாசலில் இப்போது எத்தனை பெட்டிகள் இருக்கின்றன?

மத்தாப்பு மெழுகுதிரி பற்றிக் கேட்டீர்கள். கூரையின் கீழ் வேண்டாம். பிரேசிலில் 2013 ஜனவரி 27 அன்று 242 பேர் இறந்த இரவு விடுதியிலும், நான் மேலே சொன்ன றோட் ஐலண்ட் விடுதியிலும் தொடக்கம் மேடையில் கொளுத்திய வாணம். எரிந்தது சுவரிலும் கூரையிலும் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு நுரைப்பஞ்சு. உங்களிடம் நுரைப்பஞ்சு இல்லை, கிடுகு இருக்கிறது. கேக்கில் சாதாரண மெழுகுதிரி போதும். நெருப்பு விளையாட்டுக் காட்டுபவர்கள் அலை நனைக்கிற மணலில், கூரைக்குக் காற்றடிக்கும் பக்கத்தில் நிற்காமல் காட்டட்டும். எரிபொருள் வாளியை மேசைகளுக்கருகே கொண்டுவர விடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சிறு விடயம். தீ என்றதும் பிரதான சுவிட்சை நிறுத்துவீர்கள். அதோடு கிணற்று மோட்டரும் நிற்கும். ஆகவே உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில் ஒரு குழாய் தனியாக எடுத்து, கூரையின் விளிம்பு வரை எட்டும் நீளத்தில் சுருட்டி வையுங்கள். அது எண்ணெய்க்கு அல்ல, கிடுகில் விழும் பொறிக்கு. 110ஐ அழைக்கும் வேலையை ஒருவருக்கு முன்கூட்டியே கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் மற்றவர் அழைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். வண்டி நகரிலிருந்து உப்புவெளிக்கு வர அதிக நேரம் எடுக்காது. ஆனால் உங்கள் ஒழுங்கையில் இருபுறமும் முச்சக்கரவண்டிகள் நின்றால் கடைசி இருநூறு யார் தூரத்தைத் தாண்டுவதற்குள் கூரை முடிந்துவிடும்.


அலைவாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பின்வாசலில் இருந்தவை பதினேழு பெட்டிகள். எண்ணிவிட்டு எழுதுகிறேன்.

மேசன் ஒருவரை அழைத்துக் குசினிக் கூரையைப் பிரிக்க விலை கேட்டேன். நினைத்ததைவிடக் குறைவு, பாருக்கும் குசினிக்கும் இடையிலுள்ள கூரைத் துண்டை இறக்கினாலே ஒன்பதடி இடைவெளி கிடைக்கிறது. பாரின் பின்தட்டை அரையடி முன்னுக்கு எடுத்தால் பத்தடிக்குச் சற்றுக் குறைவாக வரும். வாட்டும் அடுப்பை நேற்றே கடற்பக்கம் மாற்றிவிட்டேன். மழை பெய்தால் தட்டுகளை நனையாமல் கொண்டுபோவது எப்படி என்று பரிமாறும் பையன்கள் முணுமுணுக்கிறார்கள், குடை பிடிக்கட்டும்.


முன்னாள் வெயிட்டர் எழுதியது:

எல்லோரும் வாடிக்கையாளரை வெளியே எடுப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பையன்கள் எங்கே நித்திரை கொள்கிறார்கள், அண்ணா?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் நான் வேலை செய்த கடற்கரை உணவகம் ஒன்றில், வெளியூர்ப் பையன்கள் நாங்கள் ஐந்து பேரும் குசினிக்குப் பின்னால் இருந்த சேமிப்பறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுப்போம். சாராயம் களவு போகிறது என்று முதலாளி இரவு பதினொரு மணிக்கு வெளியிலிருந்து ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். காலை ஆறு மணிக்குத் திறப்பார். யன்னலில் கம்பி. ஒரு பையன் நுளம்புத்திரியைக் கடதாசி மட்டையின் மேல் வைத்துவிட்டுப் படுத்தான். மட்டை எரிந்தபோது தற்செயலாக ஒருவன் விழித்திருந்ததால் போத்தல் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். முதலாளிக்குச் சொல்லவில்லை, சொன்னால் நுளம்புத்திரிக்குத்தான் தடை வந்திருக்கும்.

கோவாவில் 2025 டிசெம்பரில் இரவு விடுதி ஒன்று எரிந்து 25 பேர் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அவர்களில் பெரும்பாலானோர் விருந்துக்கு வந்தவர்கள் அல்லர். அங்கு வேலை செய்தவர்கள்.


அலைவாய்க்கரை எழுதியது:

தம்பி, மூன்று பேர் படுக்கிறார்கள். சேமிப்பறையில்தான். பூட்டை நானும் வெளியிலிருந்துதான் போட்டு வந்தேன். காரணமும் நீங்கள் எழுதிய அதே காரணந்தான்.

உங்கள் பதிலைப் படித்த இரவு திரும்பிப் போய்த் திறந்துவிட்டேன். சாராயத்தைப் பாருக்குள்ளேயே ஓர் இரும்பு அலுமாரிக்குள் மாற்றி அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். சேமிப்பறைக் கதவுக்கு உள்ளிருந்து தள்ளும் தாழ்ப்பாள் மட்டும். மின்கலத்தில் இயங்கும் புகை உணரி ஒன்றைப் படுக்கிற இடத்தின் மேல் பொருத்தினேன். ஆனால் அந்த அறைக்கு ஒரே கதவு; அது குசினிக்குள்தான் திறக்கிறது. தீ குசினியில் என்றால் அந்தக் கதவால் பயனில்லை. மேற்குச் சுவரில் இன்னொரு கதவு வைக்க இடத்தின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. சுவரை உடைத்தால் குத்தகையே முடிந்தது என்கிறார். இருப்பது இரண்டடிக்கு மூன்றடி யன்னல் ஒன்று, கம்பி போட்டது.


செம்புக்கம்பி எழுதியது:

சுவரை உடைக்கத் தேவையில்லை. யன்னல் கம்பிச் சட்டத்தைச் சுவரிலிருந்து வெட்டியெடுத்து, ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் உள்ளிருந்து மட்டும் இழுக்கும் தாழ்ப்பாளோடு வெளிப்பக்கம் திறக்கும்படி அதே சட்டத்தை மாட்டலாம். வெளியிலிருந்து பார்த்தால் பழைய யன்னல்தான். சொந்தக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. வெல்டிங் செய்பவருக்கு அரை நாள் வேலை. தாழ்ப்பாளைப் பித்தளையில் கேளுங்கள், இரும்பு என்றால் ஒரு மாரியில் இறுகிவிடும். மூன்று பையன்களில் பருமனானவனை வைத்து ஒருமுறை வெளியே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். வெல்டிங் பொறி பறக்கும் என்பதால், வேலை நடக்கும் நாளில் அந்தப் பக்கக் கிடுகை நனைத்துவிட்டு, குழாயோடு ஓர் ஆளை நிறுத்துங்கள். வேலை முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் அவர் அங்கேயே நிற்கட்டும்.